பலகைக் கார்: மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்றை எட்டில் ஒரு பங்கு அளவில் செய்த கதை

கையில் மிஞ்சியிருந்தவை ஒரு கதவுக் கைபிடி, ஆறு புகைப்படங்கள், பிரிண்ட் போடாத ஒரு நெகட்டிவ். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் ட்ரவலரை எட்டில் ஒரு பங்கு அளவில் செய்து முடிக்க 19 மாதம் பிடித்தது. வேலை நடந்தது ஸ்காபரோவில், என் வீட்டு நிலக்கீழ் அறையில், பெரும்பாலும் குளிர்காலத்து இரவுகளில். செலவு 900 கனடிய டொலருக்குக் கொஞ்சம் மேலே. முன்பாதியை ஒரு தடவையும் மரச்சட்டத்தை ஒரு தடவையும் முழுதாகத் தூக்கி எறிந்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையில் இறங்க நினைக்கிறவர்களுக்கு எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது என்பதுதான் உதவும். ஆகவே சரியாக வந்ததை விடப் பிழைத்துப் போனதைத்தான் கூட எழுதுகிறேன்.

முதலில் அசல் கார். 1955ஆம் ஆண்டு வண்டி. மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துத் துரையாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அப்பப்பா 1964இல் வாங்கினார். யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் அதற்கு மொறிஸ் என்றோ மைனர் என்றோ பெயர் கிடையாது. பலகைக் கார்.

பெயர் பொருத்தமானதுதான். மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைச் செய்தவரும் அவரே. ட்ரவலர் என்ற ஸ்ரேசன் வாகன் வடிவம் 1953இல் வந்து 1971 வரை ஓடியது. கதவு வரைக்கும் இரும்பு உடம்பு. அதற்குப் பின்னால் ஆஷ் மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையில் அலுமினியத் தகடு, பின்னால் அலுமாரி போல இரண்டாகத் திறக்கும் கதவு. அமெரிக்க வாகன்களில் பின்னாளில் மரம் மாதிரி அச்சடித்த பிளாஸ்ரிக் தாளை ஒட்டினார்கள். இது அந்தக் கதை அல்ல. ட்ரவலரின் பின்பாதிக்கு எலும்பே மரம்தான். மரம் உளுத்தால் கார் உளுத்தது. இங்கிலாந்தில் 2018 வரைக்கும், பழைய கார்களுக்கும் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமாக இருந்த காலத்தில், சட்டம் உக்கின ட்ரவலர் அதில் தேறாது.

எங்கள் கார் மீசாலையில் முடிந்தது. 1995 ஒக்டோபரில் போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் ஊரோடு வெளியேறிய இடப்பெயர்வில் அதில்தான் போனோம். அடுத்த ஏப்ரலில் சனங்கள் வலிகாமத்துக்குத் திரும்பியபோது அது ஸ்ரார்ட் ஆகவில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டு வளவில் விட்டுவிட்டு வந்தோம். 2000இல் தென்மராட்சியில் சண்டை. 2002இல் அப்பா போய்ப் பார்த்தபோது மரம் முழுவதையும் கறையான் தின்றிருந்தது. அலுமினியத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன்பாதி இரும்பு மட்டும் முதுகில்லாத மாடு மாதிரி நின்றது என்று சொன்னார். கறையான் மண்ணுக்குள் பின்கதவின் கைபிடி கிடந்தது. எது மேல் பூட்டியிருந்ததோ அது போய்விட்டது, பூட்டின கைபிடி அப்படியே இருந்தது. அதைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அப்பா 2011இல் போன பிறகு அது என்னிடம் வந்தது.

எந்த நாளின் கார்?

மொடல் செய்கிறவர்கள் முதலில் அளவைத் தீர்மானிப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அளவுக்கு முன்னால் திகதியைத் தீர்மானித்திருக்க வேண்டும் என்று விளங்க ஐந்து மாதம் போனது.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கார். அம்மா 1975இல் கலியாணம் செய்துவந்தபோது அது சாம்பல் நிறம், நான்கு சில்லிலும் பளபளக்கும் மூடி. அக்காவுக்கும் அண்ணனுக்கும் அது பச்சை. 1986இல் அப்பா படலைக்கு வாங்கிய பெயின்றில் மிச்சத்தைக் காருக்கும் அடித்துவிட்டார். சித்தப்பாவைக் கேட்டால் பின்சீற்றை மடித்துவிட்டு வாழைக்குலை ஏற்றின கார். எனக்கோ எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மண்ணெண்ணெய் மணம். ஆளாளுக்கு ஒன்றைச் சொல்ல, நான் எல்லாவற்றையும் ஒரே மொடலில் போடப் பார்த்தேன். பச்சைக் கார், நாலு சில்லுமூடி, கூரையில் நெளிவு. அப்படி ஒரு கார் எந்த நாளிலும் இருந்ததில்லை.

நெளிவு விஷயத்தில் அண்ணன் விடாப்பிடியாக நின்றான். "கூரையில அந்தப் பள்ளம் இல்லாட்டி அது எங்கட கார் இல்லையடா." பள்ளம் விழுந்தது ஒக்டோபர் 30ஆம் திகதி, திங்கட்கிழமை இரவு. நாலு நெல்மூட்டை, மெத்தை, தையல் மெசின், சைக்கிள் எல்லாவற்றையும் கூரையில் கட்டிக்கொண்டு, மழையில், செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி சனத்தோடு சனமாக நகர்ந்த இரவு. அலுமினியக் கூரை நடுவில் இறங்கிவிட்டது. அண்ணனுக்குப் 15 வயது. முன்னால் நடந்து ஆட்களை விலக்கிக்கொண்டு போனவன் அவன். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு சனி ஞாயிறு செலவழித்து, மெல்லிய அலுமினியத் தகட்டை ஈரமணல் மூட்டையில் வைத்து அமத்தி, அந்தப் பள்ளத்தை அச்சொட்டாகக் கொண்டுவந்தேன்.

அம்மா கீழே இறங்கி வந்து பார்த்தார். "அந்த நாளைக் கொண்டுவந்து வீட்டில வைக்காதை தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சரி, அப்படியென்றால் அதற்கு முதல் நாள். 1995 ஒக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. கார் கொட்டிலுக்குள் நிற்கிறது, கூரை நேராக இருக்கிறது, ஒருவரும் ஒன்றும் கட்டவில்லை. அண்ணனும் ஒத்துக்கொண்டான். பள்ளம் விழுந்த கூரை இப்போது நிலக்கீழ் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. திகதி முடிவானதும் மிச்சம் எல்லாம் தானாகத் தீர்ந்தது. நிறம் பச்சை. சில்லுமூடி இரண்டு, இரண்டும் வலப்பக்கம். முன் இடது லைற்றின் வளையம் இல்லை. ஒரு சந்தேகம் வந்தால் அழகாக இருக்குமா என்று யோசிக்கத் தேவையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்ததா இல்லையா, அவ்வளவுதான்.

அரைக்கால் கணக்கு

கடையில் கிடைக்கும் 1:43 பொம்மையில் ட்ரவலர் 88 மி.மீ. நீளம். மரம் வெறும் நிறப்பூச்சு. 1:24இல் 16 செ.மீ. வரும், ஆனால் சட்டங்கள் நெருப்புக்குச்சி ஆகிவிடும். மரத்தை மரமாகவே இணைக்க வேண்டும் என்றால் 1:8க்குக் கீழே போகக்கூடாது என்பது என் கணிப்பு. நீளம் 47 செ.மீ. வந்தது, சாப்பாட்டு மேசையில் ஒரு ஆளின் இடம்.

இந்த அளவில் இன்னொரு வசதி. அசல் கார் அங்குலத்தில் பிறந்தது. 1:8இல் ஒரு அங்குலம் அரைக்கால் அங்குலம் ஆகிறது. பழைய அங்குல அடிமட்டத்தில் சின்னக் கோடுகளை எண்ணினால் போதும், கல்குலேற்றர் வேண்டாம். முன்சில்லு நடுவுக்கும் பின்சில்லு நடுவுக்கும் இடையில் 86 அங்குலம். மொடலில் பத்தே முக்கால். றிம் 14 அங்குலம். மொடலில் ஒன்றே முக்கால்.

இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் பழைய படத்திலிருந்து மீதியை எடுக்கலாம். பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றில் றிம்மின் உயரத்தை அளந்தேன். அதுதான் அளவுகோல். அதே படத்தில் கதவின் கீழ்விளிம்பு, ஜன்னல் வரி, கூரை எல்லாம் எத்தனை றிம் உயரம் என்று கணக்கெடுத்தேன். ஒரு எச்சரிக்கை: கமெராவுக்குக் கிட்ட இருக்கும் பக்கத்தில் மட்டும்தான் இது சரிவரும். அந்தப் பக்கத்துச் சில்லால் இந்தப் பக்கத்தை அளந்தால் கார் சப்பையாகிவிடும். நான் ஒரு தடவை சப்பையாக்கினேன்.

மீதியை ஒன்ராறியோவில் பழைய பிரித்தானியக் கார்க்காரர்கள் கூடும் ஒரு நாளில் எடுத்தேன். ட்ரவலர் வைத்திருந்த ஒரு வயதானவர் என் கையில் இருந்த கைபிடியைப் பார்த்துவிட்டு, தன் காரின் கைபிடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்று. அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம் காருக்கு அடியில் படுத்து அளக்க விட்டார். அவருடையது அறுபதுகளின் வண்டி. பின்பாதி அதே சட்டம், முன்பாதியில் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை நான் அன்றைக்குக் கவனத்தில் எடுக்கவில்லை.

முன்பாதி: முதல் குப்பை

முன்பாதி இரும்பை அக்காவின் மகன் த்ரீடி பிரின்ரரில் அடித்துத் தருகிறேன் என்றான். 17 வயது, கெட்டிக்காரன். "மாமா, முழுக் காரையுமே அடிச்சிடலாமே, ஏன் மரம் வெட்டிக் கஷ்டப்படுறீங்கள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பிளாஸ்ரிக்கை மரம் போலக் காட்டத் திறமை வேண்டும். மரத்தை மரம் போலக் காட்டவும் திறமை வேண்டும் என்பதைப் பிறகு படித்தேன். அந்த நேரம் "உனக்கு விளங்காதடா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

இணையத்தில் 35 டொலருக்கு ஒரு கோப்பு வாங்கினோம். நாலு துண்டாக அடித்து, ஒட்டி, ஆறு வாரம் தேய்த்து, அடிப்பூச்சும் பூசி மேசையில் வைத்தேன். பார்க்க மைனர்தான். ஆனால் ஒரு பிலாக்கொட்டை போல வழுவழு என்று, ஏதோ கோளாறாக இருந்தது.

கோளாறு பொனற்றில். இசிகோனிஸ் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. உற்பத்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது சரியென்று பட்டது. பொனற்றின் நடுவே மூக்கு வரைக்கும் ஒரு தட்டையான பட்டி ஓடுவது அதனால்தான். பம்பர்களை ஏற்கெனவே அடித்து வைத்திருந்தார்கள். அவற்றை நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்து நீட்டினார்கள். அந்த 4 அங்குலப் பட்டி, மொடலில் அரை அங்குலம், எங்கள் பிரிண்டில் இல்லை. மருமகன் கோப்பை மழமழப்பாக்கும் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தான். கணினி அதைப் பிசிறு என்று நினைத்துத் தேய்த்துவிட்டது. காரின் முகத்தில் இருந்த தழும்பு போனதும் ஆளே மாறிவிட்டது.

அதை நான் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அடுத்ததைச் சொன்னார். "இதென்ன, முன்கண்ணாடியில நடுக்கம்பி எங்கை? அப்பா வரேக்க முகம் ரெண்டு துண்டாத் தெரியுமெல்லோ."

1956 வரைக்கும் மைனருக்கு முன்கண்ணாடி இரண்டு. நடுவில் ஒரு தூண், இரண்டு பக்கமும் தட்டைக் கண்ணாடி. அந்த ஆண்டு வந்த மைனர் 1000இல்தான் வளைந்த ஒற்றைக் கண்ணாடி ஆனது. எங்கள் கோப்பு மைனர் 1000 கோப்பு, கூடவே எஞ்சினும் 948 சி.சி. எங்களுடையது 803. ஆறு வாரத் தேய்ப்பு குப்பைக்குப் போனது. நடுக்கம்பி என்னிடமிருந்த பக்கவாட்டுப் படத்தில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிகிறது. அதை நான் படத்தில் விழுந்த கீறல் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது முன்பாதியைக் கையால் வரைந்த வெட்டுமுகங்களிலிருந்து மருமகன் புதிதாகக் கட்டினான். தட்டைக் கண்ணாடி ஒரு கொடுப்பினை. வளைந்த கண்ணாடி என்றால் அச்சு செய்து சூடாக்கி இழுக்க வேண்டும். இது அரை மில்லிமீற்றர் தெளிந்த பிளாஸ்ரிக் தாளில் இரண்டு துண்டு, கத்தரிக்கோல் வேலை.

மரம்: இரண்டாவது குப்பை

அசலில் ஆஷ் என்றால் மொடலிலும் ஆஷ்தானே? அதுவும் ரொறன்ரோவில் ஆஷுக்குப் பஞ்சமில்லை. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு இந்தப் பக்கத்து ஆஷ் மரங்களைப் பெருமளவில் கொன்றுவிட்டது. தெருவோரத்தில் வெட்டின மரங்களின் பலகை மலிவாகக் கிடைத்தது. அந்த வண்டு செத்த மரத்தில் எங்கள் காரைச் செய்வதில் எனக்கு ஒரு கவிதை தெரிந்தது. கவிதையை நம்பி ஒன்றரை மாதம் வேலை செய்தேன்.

ஆஷ் மரத்தை வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் வசந்தகாலத்தில் வளர்ந்த பகுதியில் கண்ணுக்குத் தெரியும் துவாரங்கள் வரிசையாக இருக்கும். அசல் காரில் அந்தக் கோடுகள்தான் அழகு. 6 மி.மீ. அகலச் சட்டத்தில் ஒரு சட்டத்துக்கு இரண்டு கோடுதான் விழுந்தது. பார்க்கிறவருக்கு அது ஒரு ட்ரவலரின் சட்டம் அல்ல, ஒரு விறகுச் சிராய். மரம் அசல், அளவு பொய். மரத்தைச் சுருக்கலாம், மரத்தின் வளையத்தைச் சுருக்க முடியாது. பார்வைக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் வேறு மரம்தான் வேண்டும்.

மேப்பிளுக்கு மாறினேன். துவாரங்கள் மிக நுண்ணியவை, சீராகப் பரவியவை. கத்தி எந்தப் பக்கமும் இழுக்காது. நிறம்தான் வெளிறல். பிளேன்ரீயைக் கடுஞ்சாயமாக ஊற்றி மூன்று தரம் பூசி எடுக்க, வார்னிஷ் மங்கின ஆஷின் தேன்நிறம் வந்தது. அப்பா கறையானுக்குப் பயந்து வருடா வருடம் சட்டத்துக்கு வேப்பெண்ணெய் பூசுவார். அதனால் மூலைகளில் கொஞ்சம் கறுத்திருக்கும். அந்த இடங்களில் ஒரு பூச்சுக் கூட.

சட்டத்தில் இரும்புத் திருகாணி பிடித்த இடங்களைச் சுற்றி ஒரு கருநீல வட்டம் இருக்கும், ஈரத்தில் இரும்பும் மரமும் சேர்ந்து போடும் கறை. இதற்குப் பெயின்ற் தேவையில்லை. இரும்பு நாரை வினாகிரியில் ஒரு கிழமை ஊறவைத்து, அந்த நீரை ஊசிமுனையால் தேயிலைச் சாயம் ஏறின மேப்பிளில் தொட்டால் போதும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்முன்னே கறுக்கும். 1:8இல் ஒரு வட்டம் ஒரு கடுகளவு. 112 கடுகு. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அலுக்காத இரவுகள் அவைதான்.

காரில் ஆஷ் அல்லாத ஒரு தூணும் இருந்தது, வேம்பு. 1988 மாரியில் பின்மூலைத் தூண் ஒன்று அடியில் உக்கிவிட்டது. ஜன்னல் வரி மட்டத்துக்குக் கீழே வெட்டி எடுத்து ஓடாவியார் வேப்பம் பலகையில் ஒரு தூண் பொருத்தினார். ஆஷுக்கு எங்கே போவது? தேன்நிறச் சட்டத்தில் அந்த ஒரு தூண் மட்டும் செம்மண் நிறம். நெகட்டிவில் இருப்பது அதுதான். அப்பா காரின் பின்னால் நின்று, ஒரு கையைப் புதுத் தூணின் மேல் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். இடுப்புக்கு மேல்தான் படம். அவர் உடம்பு கதவுகளை முழுக்க மறைக்கிறது. வெள்ளைச் சட்டை, பையில் பேனா. என் ஸ்கானரில் போட்டு நிறத்தைத் திருப்பி எடுத்தேன். தூண் இடப்பக்கம்.

கனடாவில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? ஊரிலிருந்து கட்டை கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இங்கே தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்கிக் காசு கொடுக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் வேப்பமரச் சீப்பு தொங்குகிறது. 5 டொலர். முதுகுப் பக்கம் நல்ல தடிப்பு. பற்களை வாளால் அறுத்துவிட்டு முதுகைச் சீவினால் மூன்று அங்குலத் தூண் ஒன்று தாராளமாக வந்தது. மணமும் இருந்தது.

தகடு, பச்சை, சில்லு

சட்டங்களுக்கு இடையிலான அலுமினியத் தகடுகளுக்கு சோடா கான் வெட்டினேன். கானின் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ.; எட்டால் பெருக்கினால் 0.8. காரின் தகட்டுக்குப் பொருத்தமான தடிப்பு. குடித்துக் குடித்து மருமகனுக்குத்தான் பல் கெட்டிருக்கும்.

பெயின்ற் விஷயத்தில் என் அவசரம் என்னைக் கவிழ்த்தது. எனாமல் அடித்து இரண்டு நாளில், காயமுன்னே, மேலே லாக்கர் ஸ்பிறே அடித்தேன். பத்து நிமிடத்தில் பாலாடை மாதிரிச் சுருங்கியது. உரித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது: அப்பா ஸ்பிறே அடிக்கவேயில்லை. மூன்று அங்குலத் தூரிகையால் படலைக்கு அடித்த மாதிரி அடித்தார். பிறகு நானும் அப்படியே. மூன்று அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று அரைக்கால் அகலத் தட்டைத் தூரிகை. பெயின்றைத் தண்ணீர் மாதிரி ஐதாக்கி, கதவில் மேலிருந்து கீழே, பொனற்றில் முன்னிருந்து பின்னே, அப்பா இழுத்த பக்கமே இழுத்தேன். தூரிகைத் தடம் சாய்வெளிச்சத்தில் மட்டும் தெரிகிறது. சாரதிக் கதவின் விளிம்பில் பச்சை தேய்ந்து பழைய சாம்பல் தெரியும் இடத்தை அம்மா விரலால் காட்டித் தந்தார்.

ரயர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சிலிக்கன் அச்சில் ரப்பர் ஊற்றினேன், முதல் தடவையே வந்தது. சீற்றுகளும் அப்படித்தான். பின்தட்டில் விரித்த பனையோலைப் பாயைக் கடதாசிப் பட்டியில் பின்னினேன்.

பொனற்றுக்குக் கீழே

பொனற் திறக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கார் ஒன்றை வேறு எந்தக் காலத்துக் காரிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அதன் கீழ்தான் இருக்கிறது.

1990இலிருந்து பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது, கறண்ட் இல்லை. இரவில் ஜாம்போத்தல் விளக்கு, வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோ. பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மைனர், ஒஸ்ரின் போன்றவற்றால் அது முடிந்ததற்குக் காரணம் அவற்றின் குறைந்த அழுக்க விகிதம், அதாவது எஞ்சின் எரிபொருள் கலவையை எத்தனை மடங்கு அமத்துகிறது என்ற கணக்கு. மைனரின் 803 சி.சி. எஞ்சினில் அது 7ஐ ஒட்டியது. அழுக்கம் கூடின புது எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் நேரம் தவறி வெடித்து பிஸ்ரனையே உடைத்துவிடும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே முதலில் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சுட்டபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தக் கொஞ்சப் பெற்றோலை எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

அப்பாவின் ஏற்பாடு இது: பொனற்றுக்குக் கீழே ஒரு சேலைன் போத்தல், தலைகீழாகக் கம்பியில் கட்டியது. அதற்குள் ஒரு சிரங்கை பெற்றோல். சேலைன் குழாய் காபுரேற்றருக்கு. துளியைக் கூட்டவும் குறைக்கவும் ஆஸ்பத்திரியில் இருக்கும் அதே பிளாஸ்ரிக் உருளை. சித்தப்பா உருளையைப் பிடிப்பார், அப்பா திறப்பைத் திருப்புவார். எஞ்சின் இருமி, பிடித்து, சுட்டதும் போத்தலை அடைத்துவிடுவார்கள். பிறகு கறுப்புப் புகை, கண் எரியும் மணம்.

மொடலில் போத்தல் இரண்டரை செ.மீ. தெளிந்த பிளாஸ்ரிக் கம்பியைக் கடைந்து எடுத்தேன். குழாய்க்கு மெல்லிய மின்கம்பியின் உறையை உரித்து, உள்ளே இருந்த செம்பை இழுத்துப் போட்டேன். வெறும் உறை அரை மில்லிமீற்றர்க் குழாயாகக் கிடைத்தது. உருளைதான் கடினம்: ஒரு எள்ளின் அளவு. மூன்று தரம் நிலக்கம்பளத்தில் விழுந்து தொலைந்தது. அம்மா பொனற்றைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, கிட்ட வைத்துப் பார்த்தார். "பெற்றோல் இவ்வளவு இருக்காது. அரைவாசியும் இராது" என்றார். கடைந்த போத்தலில் பெற்றோலின் மட்டத்தைக் காட்ட மஞ்சள் பூசியிருந்தேன். மட்டத்தைக் குறைத்தேன்.

சித்தப்பா பார்த்தது

முடித்த அன்று சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். அவர் இன்னும் இணுவில் வீட்டில்தான். மொடலைச் சுழலும் தட்டில் வைத்து மெதுவாகச் சுற்றிக் காட்டினேன். பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்தது.

"சும்மா சொல்லக்கூடாதடா தம்பி, அப்பிடியே இருக்கு. ஆனா அந்த வேப்பங்கட்டை மற்றப் பக்கமெல்லோ?"

"இல்லை சித்தப்பா. படம் இருக்கு. அப்பா கை வைச்சுக்கொண்டு நிக்கிறார்."

"படம் கிடக்கட்டும். கார் கொட்டிலுக்குள்ள மூக்கு உள்ளுக்குத்தானே நிக்கும்? கிணத்தடி வலப்பக்கம். ஓடாவியார் கிணத்துக் கட்டில இருந்துதான் சீவினவர். நான்தான் பலகை பிடிச்சுக் குடுத்தனான்."

80 வயதுக்காரரின் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டுதான் படத்தைத் திரும்ப எடுத்தேன். அப்பா, தூண், சிரிப்பு. சட்டைப் பையில் பேனா. பை வலப்பக்க மார்பில் இருந்தது. அப்பா தன் வாழ்நாளில் வலப்பக்கம் பை வைத்துச் சட்டை தைத்ததில்லை.

உறையிலிருந்து நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் இருக்கும் இலக்கங்கள் சரியாகத் தெரியும்படி பிடித்தால் தூண் வலப்பக்கம் நின்றது. ஸ்கானரில் நான் அதை மறுபக்கமாகப் படுக்கவைத்திருக்கிறேன், ஓரத்தையும் வெட்டிவிட்டிருக்கிறேன். 19 மாதம் அந்தப் படத்தை நிலக்கீழ் அறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

பசை தண்ணீரில் இளகுகிற வகை. வெந்நீர்த் துணியைச் சுற்றி இரண்டு மணித்தியாலம் வைத்திருந்து தூண்கள் இரண்டையும் கழற்றினேன். வேம்பு நடுவில் பிளந்துவிட்டது. பழைய சீப்பில் மிச்சம் பற்கள்தான். இடப்பக்கத்துக்குப் புது மேப்பிள் ஒன்று வெட்டி, பிளேன்ரீ ஊற்றி, மூன்றாவது பூச்சுக்குக் காயவிட்டிருக்கிறேன். நேற்றுப் பின்னேரம் அதே கடைக்குப் போய் இன்னொரு சீப்பு வாங்கிவந்தேன். இந்த முறை 6 டொலர்.